ஊருக்கு ஊர் வேறுபடும் முதல் வேலை

(கிராம ஊழியர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கத்தின் வாசகம்)



கிராம வேலைக்குப் புதிதாகப் புறப்படும் ஊழியர் ஒருவரின் கையில் வழக்கமாக ஒரு ஜாபிதா இருக்கும். குடிதண்ணீர்க் கிணறு, சாலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை, எருக்குழி, ஐக்கிய நாணய சங்கம், கைத்தொழில் என்று அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஜாபிதாவில் கண்ட ஒவ்வொன்றும் எந்தக் கிராமத்துக்கும் வேண்டியதே. குற்றம் இருப்பது அதன் வரிசையில். தலைநகரில் எழுதப்பட்ட வரிசை ஒன்று. அது போய்ச் சேரும் ஊர்களோ பல தன்மையின. எது முதலில், எது பின்பு என்பதை நிலமும் மழையும் ஜனங்களின் ஜீவனமுமே நிர்ணயிக்கின்றன. அந்த நிர்ணயத்தை அறியாமல் தொடங்கும் வேலையில் பணமும் உழைப்பும் வீணாவதோடு கிராமத்தாரின் நம்பிக்கையும் வீணாகிறது. செலவான பணத்தை அடுத்த வருஷத்து வரவு செலவில் மீண்டும் பெறலாம். இழந்த நம்பிக்கையை அவ்வாறு பெறுதல் அரிது.

இவ்வுண்மையை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ராஜ்யம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். வருஷத்துக்குச் சராசரி 36 அங்குல மழை பெய்யும் ராஜ்யம் இது. அம்மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. இந்நாட்டின் எந்தக் கிராமத்தில் நின்று, "முதலில் வேண்டுவது யாது?" என்று கேட்டாலும் பெரும்பாலும் "தண்ணீர்" என்றே விடை வரும். சொல் ஒன்றே ஆயினும் பொருள் ஒன்றன்று. தஞ்சைக் குடியானவன் தண்ணீர் என்றால் அது வடிய வேண்டும் என்று பொருள். இராமநாதபுரத்தான் சொன்னால் அது தேங்க வேண்டும் என்று பொருள். கோயமுத்தூரான் சொன்னால் ஆழத்திலிருந்து ஏற வேண்டும் என்று பொருள். தருமபுரியான் சொன்னால் அது விஷமின்றி இருக்க வேண்டும் என்று பொருள். இந்நான்கையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் நலம்.

தஞ்சை: வடிகால்

காவேரியின் கழிமுகப் பிரதேசம் பழைய தஞ்சை ஜில்லா. இன்று அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து நிற்கிறது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஜூன் 12-ம் தேதி அணையைத் திறப்பது என்ற வழக்கம் ஏற்பட்டது. அத்தேதியில் தண்ணீர் வரும் வருஷத்தில் குறுவை உண்டு. வராத வருஷத்தில் குறுவைக்கு ஆபத்து. ஆகவே, தஞ்சைக்கு வேண்டியது பாசனமே என்று வெளியூரார் எளிதில் முடிவு கட்டிவிடுவர். ஆனால் கடலை அடுத்த கடைமடைக் கிராமங்களில் ஒரு கார்த்திகை மாதம் தங்கியவர் வேறு விதமாகக் கூறுவர். நிலம் ஏறக்குறையச் சமதளம். கடலை நோக்கிய சரிவு மிகச் சொற்பம். மேற்கேயுள்ள வயல்களின் கழிவு நீரும், வானத்து மழையும், ஆற்று வெள்ளமும் ஒரே சமயத்தில் அங்கு வந்து சேருகின்றன. வடிகால்களில் வண்டல் மேடிட்டும், ஆகாயத்தாமரை அடைத்தும் கிடந்தால் சம்பாப் பயிர் பல நாட்கள் நீரில் மூழ்கி அழுகும். பாசன வாய்க்காலை வெட்ட ஊரார் ஒன்றுகூடுவர். வடிகாலோ பல ஊர்களைக் கடந்து போவது. அதை ஓர் ஊர் மட்டும் வெட்டினால், கீழூருக்கு வெள்ளம் விரைந்து போய்ச் சேருவதன்றி வேறு பயனில்லை. ஆகையால் அங்கு முதல் வேலை வடிகால். அதையும் கடலோர முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செய்துவர வேண்டும்.

இதற்கு அடுத்தபடி அப்பிரதேசத்துக்கு வேண்டியது நெற்களம். குறுவை அறுவடையும் பருவமழையின் தொடக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. மழை நாளில் சாலையோரத்தில் குவித்த நெல் அவ்விதிக்குள் எவ்வாறு அடங்கும்? பல மாதப் பாட்டின் பலன் கடைசி ஒரு வாரத்தில் முளைத்துப் போவதை அங்குள்ளோர் பல முறை கண்டிருக்கின்றனர். மேற்கூரையுள்ள ஒரு களம் அவ்வூருக்குச் செய்யும் உபகாரத்தைப் புதிய சாலை ஒன்று செய்துவிடாது.

இராமநாதபுரம்: தேக்கம்

தஞ்சையைத் தாண்டித் தெற்கே சென்றால் காட்சி மாறுகிறது. ஜீவநதி இல்லாத பூமி அது. வைகை வருஷத்தில் சில நாட்களே அப்பக்கம் ஓடும். பெய்யும் மழையைப் பிடித்து வைத்தால் விளைவு. விட்டுவிட்டால் அது கடலுக்குப் போய்விடும். ஆதலால் முன்னோர் கண்மாய்களை வெட்டினர். ஒரு கண்மாய் நிரம்பி அதன் கலுங்கு வழியாக வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். இவ்வாறு சங்கிலிபோல் கோத்த ஏற்பாடு அது. இராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று அந்நாட்டார் பெருமையுடன் கூறுவர். தமிழ்நாடு முழுவதிலும் ஏரிகளும் கண்மாய்களும் சுமார் 39,000 உள்ளன. அவற்றையே முற்றும் நம்பி வாழும் பிரதேசங்களில் இராமநாதபுரமும் சிவகங்கையும் முக்கியமானவை.

இங்கே புதிய கண்மாய் வெட்டுவதைக் காட்டிலும் வரத்துக்கால்களைத் திறப்பதே முதல் வேலை. கண்மாய்க்குள் தூர் வாரி ஆழமாக்கிவிட்டு, அதற்கு நீர் கொண்டுவரும் கால் மூன்று மைல் தூரம் அடைபட்டுக் கிடப்பதைக் கவனியாது விட்டால் அவ்வேலை பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்து வைத்ததற்கு ஒப்பாகும். முற்காலத்தில் ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்தனர். 1858-ம் வருஷத்துச் சட்டம் அதைக் கட்டாயக் கடமையாக்கியது. எனினும் சட்டத்தால் அவ்வழக்கம் உயிர் பெற்றுவிடவில்லை. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் நீங்கின. கண்மாய்கள் சர்க்கார் வசமாயின. ஜமீன்தாரிடம் முறையிட்டு வந்த குடிகள் இலாகாவிடம் முறையிடலாயினர். தாமே கூடிச் செய்யும் பழக்கமோ தேய்ந்தது. 2017-ல் சர்க்கார் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கியது. ஆயக்கட்டுதாரர் தாமே நின்று வேலையைக் கவனிக்கும் இடத்தில்தான் இத்தகைய திட்டத்துக்குப் பயன் உண்டு. குத்தகைக்காரரே எல்லாமாக நிற்கும் இடத்தில் பெயர் மட்டுமே பழையதாயிருக்கும்.

கண்மாய்களைப் பிடித்திருக்கும் சீமைக்கருவேலத்தை அடியோடு அழிக்க வேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். நீர்ப்பிடிப்புக்கும் வரத்துக்காலுக்கும் அம்மரம் பெருந்தடை என்பது உண்மையே. ஆயினும் மழை பொய்த்த வருஷங்களில் நிலமில்லாக் குடும்பங்கள் பல, அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே கஞ்சி குடித்தன. வேரோடு களையும் உத்தரவு வரும்போது, அக்குடும்பங்களுக்கு வேறு ஜீவனம் என்ன என்ற கேள்வியும் அதே தாளில் எழுதப்பட்டிருத்தல் அவசியம்.

கோயமுத்தூர்: ஏற்றமும் எல்லையும்

மேற்கே கொங்கு நாடு கிணற்றுப் பாசனத்துக்குப் பேர்போனது. கவலை பூட்டி எருதுகளால் நீர் இறைத்த அந்நாட்டில், 1932-ல் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தபின் பம்புகள் பெருகின. 1990 முதல் விவசாயப் பம்புகளுக்கு இலவச மின்சாரமும் வழங்கப்பட்டது. முயற்சியுள்ள குடியானவர் பாறையைத் துளைத்துக் கொண்டே போயினர். ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடிக்கும் கீழே சென்றன. கடன் வாங்கித் துளைத்த துளையில் புகை மட்டும் வந்த குடும்பங்களின் கதை அங்கு ஊர்தோறும் உண்டு. எனவே அங்கு முதல் வேலை இன்னொரு கிணறு ஆகாது. இருக்கும் நிலத்தடி நீருக்கு வரவு வைப்பதும், செலவுக்கு எல்லை வகுப்பதுமே அங்கு முந்தியவை. அவிநாசி, அத்திக்கடவுத் திட்டம் பல தலைமுறைகளின் வேண்டுகோள். அது 2024-ல் தொடங்கி வைக்கப்பட்டு, பவானியின் உபரி நீரை 1,045 குளங்குட்டைகளுக்குப் பம்பு செய்து கொண்டுபோகும் ஏற்பாடாக அமைந்தது இக்கருத்தைப் பற்றியே.

ஒரே பிரதேசத்துக்குள்ளும் தேவைகள் மாறுபடும் என்பதற்குக் கீழ்பவானிக் கால்வாய் தக்க திருஷ்டாந்தம். 1955-ல் பூர்த்தியான அத்திட்டத்தில் சுமார் 124 மைல் நீளமுள்ள மண் கால்வாய் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. இரு பாதியாகப் பிரித்து முறை வைத்து நீர் விடுகின்றனர். மண் கால்வாயிலிருந்து கசியும் நீர் பக்கத்துக் கிணறுகளை ஊட்டுகிறது. 2020-க்குப் பின் கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் ஏற்பாடு வந்தபோது, கடைமடையார் தமக்கு நீர் முழுதாக வரும் என்று அதை ஆதரித்தனர். கசிவையே நம்பிய கிணற்றுக்காரரும் குடிநீர்க் கிணறுகளை நம்பிய ஊர்களும் எதிர்த்தன. இரு கட்சியாரும் பொய் சொல்லவில்லை. கடைமடையாருக்கு நஷ்டமான கசிவு கரையோரத்தாருக்கு ஜீவனமாயிருந்தது. இத்தகைய விஷயத்தில் எஞ்சினீயரின் கணக்கு ஒன்றே போதாது. இரு தரப்பாரையும் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேச வைப்பதே முதல் வேலையாகிறது.

அவ்வட்டாரத்தில் நொய்யல் நதியின் கதையையும் மறக்கலாகாது. பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் இடமாகிவிட்டது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை அந்நிலை முற்றியது. அங்கே விவசாயிக்கு வேண்டியது சுத்த ஜலம். தொழிலாளிக்கு வேண்டியது வேலை. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் உபயோகிப்பதே இருவருக்கும் பொதுவான வழி.

தருமபுரி: சுத்தம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பல கிராமங்களில் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். வாசனையும் நிறமும் இல்லை. ஆனால் பாறையிலிருந்து கரைந்த புளோரைடு அதில் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது தீமை செய்யத் தொடங்கும். நிரந்தரப் பற்கள் உருவாகும் பருவத்தில் அதைக் குடித்த குழந்தையின் பற்களில் மஞ்சளும் பழுப்புமான கறை படிந்து நிலைத்துவிடுகிறது. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவரின் எலும்புகள் இறுகி முதுகு கூனுகிறது. வந்த பின் இதைத் தீர்க்க மருந்தில்லை. வராமல் தடுப்பதே உபாயம். நீரைக் காய்ச்சிக் குடித்தால் குற்றம் தீரும் என்று எண்ணுவோர் உளர். காய்ச்சினால் நீர் ஆவியாகுமேயன்றிப் புளோரைடு போகாது; எஞ்சிய நீரில் அதன் விகிதம் கூடவே செய்யும்.

இந்நோய் இந்திய வைத்தியருக்குப் புதிதன்று. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் இதைக் கண்டு ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகிய மூவரும் 1937-ல் எழுதி வெளியிட்டனர். காவேரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். இடையில் கழிந்தது 76 வருஷம். அவ்வளவு காலமும் அவ்வூர்களில் கிணறு வெட்டும் வேலை நின்றிருக்கவில்லை. கிணறுகளின் எண்ணிக்கை கூடியது; நீரின் குணமோ அளக்கப்படாமலே போயிற்று. கிணறு இல்லாத ஊருக்குக் கிணறு தர்மம். விஷ நீருள்ள ஊருக்கு இன்னொரு கிணறு அதே விஷத்துக்கு இன்னொரு வாசல். அங்கு முதல் வேலை மண்வெட்டி எடுப்பதன்று. புட்டியில் நீர் எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது.

2019-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய ஜல ஜீவன் இயக்கம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பும் ஆளுக்குத் தினம் 55 லிட்டர் நீரும் என்று ஓர் அளவை வகுத்தது. அளவு நல்லதே. ஆயினும் குழாய்களை எண்ணுவதோடு கணக்கு முடிந்தால், இராமநாதபுரத்தில் அக்குழாயின் மூலத்தில் நீர் உண்டா என்பதும், தருமபுரியில் அந்நீர் குடிக்கத் தகுமா என்பதும் கணக்குக்கு வெளியே நின்றுவிடும்.

மலையும் கடலும் தென்கோடியும்

தண்ணீரே முதல் என்ற விதியும் எங்கும் பொருந்தாது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை முதலிய இடங்களில் சாமையும் தினையும் விளைத்து வாழும் ஜனங்களுக்குப் பாதையே முதல் தேவை. பிரசவ வேதனையில் உள்ள பெண்ணைத் தூளி கட்டி மலையடிவாரத்துக்குத் தூக்கி வரும் ஊரில், அடிவாரத்து ஆஸ்பத்திரி எவ்வளவு சிறந்ததாயினும் என்ன? ஆனால் பாதை இரு முனை உடையது. கீழேயிருந்து வைத்தியர் ஏறும் பாதையிலேயே வட்டிக்கடைக்காரரும் மர வியாபாரியும் ஏறுவர். ஆதலால் பாதையோடு, 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி அவர்கள் உழும் நிலத்துக்கு உரிமைப் பத்திரமும் சென்று சேர வேண்டும்.

கடற்கரைக் குப்பங்களின் கணக்கு வேறு. 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் வீடுகளைக் கரையிலிருந்து தள்ளிக் கட்டுவதே பத்திரம் என்று வெளியாருக்குத் தோன்றியது. மீனவருக்கோ படகும் வலையும் கண்ணெதிரே இருத்தல் வேண்டும். கடலின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வீட்டு வாசலில் நின்று பார்த்தே அவர் தொழிலுக்குப் புறப்படுவார். எனவே அங்கு வீட்டைக் கட்டும் முன் இடத்தைப் பற்றிப் பேசுவது முதல் வேலை. மேலும், 2017 முதல் கீழைக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்களில் அடுப்பெரிவது பெரும்பாலும் கடனால். சிக்கன சங்கமும், மீனைக் கெடாமல் வைக்கும் பனிக்கட்டி வசதியும் அங்கே சாலையைவிட முந்தியவை.

தென்கோடியான கன்னியாகுமரி ஜில்லா 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. மழை உண்டு, கல்வியும் உண்டு, நிலந்தான் துண்டு துண்டு. அங்கே மார்த்தாண்டத்தில் 1920-களில் கிறிஸ்துவ வாலிபர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பவர் கிராமப் புனருத்தாரண நிலையம் நடத்தினார். தேனீ வளர்ப்பு, நல்ல ஜாதிக் கோழி, முட்டைகளைக் கூட்டாக விற்கும் சங்கம் ஆகியவற்றையே அந்நிலையம் முன்னே வைத்தது. சிறு தோட்டக்காரர் நிலத்தைப் பெருக்க முடியாது. நிலத்தின் மேல் வரும் வரும்படியைப் பெருக்கலாம் என்பதே அதன் நியாயம். மார்த்தாண்டத்துத் தேன் இன்றளவும் பேர் பெற்றிருப்பது அந்நியாயம் அவ்விடத்துக்கு இசைந்தது என்பதற்குச் சாட்சி. அதே தேன்பெட்டியை மரமும் பூவும் அற்ற பொட்டலில் வைத்தால், ஈயும் பறந்துவிடும். ஊழியர் மேல் இருந்த மதிப்பும் பறந்துவிடும்.

ஓர் ஊருக்குள் இரண்டு ஊர்

பிரதேசத்துக்குப் பிரதேசம் உள்ள வேற்றுமையைவிடக் கூர்மையான வேற்றுமை ஒன்று ஒவ்வோர் ஊருக்குள்ளும் உண்டு. தஞ்சைக்கு வடிகால் முதல் என்று மேலே கூறப்பட்டது. அது யாருக்கு முதல்? நிலமுடையவருக்கும் குத்தகைதாரருக்கும். பண்ணையாளுக்கு வயல் இல்லை. அவர் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. கூலி போதாது என்று சொன்னால் மனையை விட்டு வெளியேற வேண்டும். அவருடைய முதல் தேவை காலடி மண்ணின்மேல் உரிமை. 1952-ல் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் கூலிப் பூசல் தீரவில்லை. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். அதன் பின்னரே 1969-ல் தஞ்சை ஜில்லாவுக்கு நியாயக் கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டமும் ஏற்பட்டன. ஊரின் முதல் தேவை யாது என்று முன்பே அத்தெருவிலும் சென்று கேட்டிருந்தால், அச்சட்டங்களுக்கு அவ்வளவு விலை கொடுக்க நேர்ந்திராது.

கிணற்றின் கதையும் இதுவே. ஊர்ப் பொதுக்கிணறு என்று ஜாபிதாவில் எழுதப்பட்டது பல ஊர்களில் பொதுவாக இருந்ததில்லை. ஆகவேதான் 1920-களில் சென்னை மாகாண சர்க்கார் லேபர் கமிஷனர் மூலம் ஆதி திராவிடர் குடியிருப்புகளுக்குத் தனிக் கிணறுகள் வெட்டியது. 1938-ல் பொதுக் கிணறு முதலியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்று சட்டம் செய்தது. 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையையே ஒழித்தது. அப்படியிருந்தும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதி திராவிடர் குடியிருப்புக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தொட்டி இருந்தது, குழாய் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஜாபிதாப்படி அவ்வூரில் வேலை முடிந்திருந்தது.

அனுபவம் கற்பிப்பது

இவ்வளவையும் முன்னோர் அறியாதிருக்கவில்லை. 1946-ல் சென்னை மாகாணத்தில் 34 பிர்க்காக்களைத் தேர்ந்து பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோது, மாகாணம் முழுவதையும் ஒரே வலையால் மூடாமல் சிறு வட்டாரத்தை எடுத்துக்கொண்டது நல்ல யோசனை. 1952 அக்டோபர் 2-ம் தேதி இந்தியா முழுவதும் 55 சமுதாய அபிவிருத்தித் திட்டங்கள் ஆரம்பமாயின. திட்டம் ஒன்றுக்குச் சுமார் 300 கிராமம் என்று அளவிட்டனர். ஐந்தே வருஷத்தில், 1957-ல், பல்வந்தராய் மேத்தா குழுவினர் ஆராய்ந்து, கிராமத்தாரின் சொந்த முயற்சியை அவ்வேலை எழுப்பவில்லை என்று கண்டனர். அதிகாரமும் பணமும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் செல்ல வேண்டும் என்றும் கூறினர். 1992-ம் வருஷத்து 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவ்வழியில் வந்தவை. திருத்தத்தோடு சேர்ந்த அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரியனவாக 29 விஷயங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றில் எது முதலாவது என்று அட்டவணை கட்டளையிடவில்லை. அதைத் தீர்மானிக்கும் இடம் கிராம சபை.

கிராம சபையோ குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி முதலிய நாட்களில் கூடுவது. அன்று முன்வரிசையில் அமர்ந்து பேசுவோரின் தேவையே ஊரின் தேவையாக எழுதப்படும் அபாயம் உண்டு. ஆகையால் சபை கூடுமுன் ஊழியர் செய்யவேண்டிய காரியங்கள் சில உள.

ஊரைச் சித்திரையில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் பார்த்தல் வேண்டும். கோடையில் மட்டும் பார்த்தவர் கிணறு கேட்பார். மழையில் மட்டும் பார்த்தவர் பாலம் கேட்பார். தண்ணீர் எடுக்கும் இடத்தில் பெண்களையும், களத்து மேட்டில் கூலியாட்களையும், சேரியில் அங்குள்ளோரையும், தனித்தனியே விசாரித்தல் வேண்டும். ஓரிடத்தில் எல்லோரையும் கூட்டிக் கேட்டால் ஒரு குரலே கேட்கும். ஜனங்கள் எதற்காக ஏற்கெனவே கடன் வாங்குகின்றனர் என்று அறிதல் வேண்டும். தேவையை வாயைக் காட்டிலும் கடன் பத்திரம் ஒளியாமல் சொல்லும். எந்த வேலைக்குச் சொந்தக் கையால் மண் சுமக்கவும் தலைக்கு ஒரு தொகை கொடுக்கவும் முன்வருகின்றனர் என்று பார்த்தல் வேண்டும். கடைசியாக, கட்டி முடித்த பின் அதைப் பராமரிப்பவர் யார், பழுது வந்தால் பணம் எங்கிருந்து வரும் என்பதை வேலை தொடங்குமுன்பே எழுதி வைத்தல் வேண்டும்.

இவ்வாறு விசாரித்து எழுதிய வரிசை மேலிடத்து வரிசையோடு பொருந்தாமற் போகலாம். பொருந்தாதபோது ஊழியர் மேலிடத்துக்கு உள்ளதை உள்ளவாறு எழுதுவதே கடமை. மேலிடத்தாரும் வேற்றுமையைக் குற்றமாகக் கொள்ளலாகாது. எருக்குழி இத்தனை, கிணறு இத்தனை என்று எல்லா ஜில்லாவுக்கும் ஒரே எண்ணைக் குறித்து அனுப்பினால், எண்ணை நிரப்பும் வேலை நடக்கும். ஊரின் வேலை நின்றுவிடும். நிதியில் ஒரு பகுதியேனும் எத்தலைப்பிலும் கட்டுப்படாமல், அவ்வவ்வூர் தன் முதல் தேவைக்குச் செலவிடத் தக்கதாக விடப்படுதல் நலம்.

வைத்தியர் நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுக்கிறார். ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுப்பவரிடம் எவரும் குழந்தையைக் கொண்டுபோவதில்லை. ஊழியரின் கையில் உள்ள ஜாபிதா மருந்துப் பெட்டி. அதில் எதை முதலில் எடுப்பது என்பதைத் தஞ்சையில் வடிகாலும், இராமநாதபுரத்தில் வரத்துக்காலும், கோயமுத்தூரில் கிணற்றின் அடிமட்டமும், தருமபுரியில் பள்ளிச் சிறுவனின் பல்லும் சொல்லும். ஒவ்வோர் ஊரிலும் கடைசித் தெருவில் உள்ள வீடும் சொல்லும். வேலை தொடங்குமுன் அவ்வீட்டு வாசல்வரை நடந்து போதல் ஊழியரின் முதற் கடமையாகும்.